தாய்லாந்தின் கிராமங்களில் ஒரு வாரம்: ஈசான் சமவெளியா, வடக்கு மலையா, தெற்கின் ஏரிக்கரையா?

பாங்காக்கில் இறங்கி, பட்டாயாவிலோ புக்கெட்டிலோ சில நாள்கள் கழித்துத் திரும்பியவர்கள், இரண்டாம் முறை தாய்லாந்துக்குப் புறப்படும்போது பெரும்பாலும் ஒன்றையே கேட்கிறார்கள்: கடற்கரையும் கடைவீதியும் பார்த்தாயிற்று, அந்த நாட்டு மக்கள் உழுதும் நெய்தும் வாழும் ஊர்களில் சில நாள் இருக்க வேண்டும், எங்கே போகலாம்? அப்படிக் கேட்பவருக்காக, ஏறத்தாழ ஒரு வாரம் ஒதுக்கக்கூடியவரை மனத்தில் வைத்து, மூன்று பகுதிகளை இங்கே ஒப்பிடுகிறேன். வடகிழக்கில் ஈசான் சமவெளி, வடக்கே லாவோஸ் எல்லையை ஒட்டிய நான் மாகாணம், தெற்கே சோங்க்லா ஏரியைச் சுற்றியுள்ள ஊர்கள் ஆகியவை அந்த மூன்று. சியாங் மாய்க்கு அருகிலுள்ள மே கம்போங் பற்றியும் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. ('நான்' என்ற ஊர்ப்பெயர் தமிழில் மயக்கம் தரும் என்பதால், அதை எங்கும் 'நான் மாகாணம்' என்றே எழுதுகிறேன்.)

இப்பகுதிகளின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுப்பவர்கள் அநேகமாக மலையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். படிவயலும் மூடுபனியும் படத்தில் அவ்வளவு நன்றாக விழும். என் பரிந்துரை வேறு. எந்த ஊர் என்பதற்கு முன்னால் எந்த மாதம் என்பதை முடிவு செய்யுங்கள். கிராமத்து வாழ்க்கை என்று நாம் பார்க்க விரும்புவது, அந்த மாதத்தில் அங்கே நடக்கும் வேலையைத்தான். அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் வயலையும், அடுப்பு அணைந்த உப்புக் கொட்டகையையும் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். பிறகு செய்வதற்கு எதுவும் இருக்காது. வேலை நடக்கும் மாதத்தில் போனாலோ, மொழி தெரியாதவருக்கும் அந்த வீட்டில் உட்கார ஓர் இடம் கிடைத்துவிடும். கதிர்க்கட்டு தூக்கலாம், நூலைப் பிடித்துக்கொள்ளலாம், கோரையை வெயிலில் பரப்பலாம். விருந்தாளிக்கும் வீட்டாருக்கும் நடுவில் ஒரு வேலை இருந்தால் பேச்சில்லாத நேரம் சங்கடமாக இருக்காது.

பருவங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வடக்கிலும் வடகிழக்கிலும் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம், நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்ச்சியான வறண்ட காலம், அதன்பின் கடும் கோடை. தெற்கின் கிழக்குக் கரைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே கனமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்கிறது. சென்னையையும் நாகப்பட்டினத்தையும் நனைக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் தாய்லாந்து வளைகுடாவைக் கடந்துவந்து சோங்க்லாவையும் நனைக்கிறது. ஆகையால், ஈசானுக்கு மிகவும் ஏற்ற நவம்பர் மாதம் ஏரிக்கரைக்குச் சற்றும் ஏற்றதல்ல. வடக்கு மலைகள் புகையில் மூழ்கும் மார்ச் மாதத்தில் ஏரிக்கரை மிக நன்றாக இருக்கும்.

ஈசான்: நவம்பரிலும் டிசம்பரிலும்

தாய்லாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கொண்ட 20 மாகாணங்களின் தொகுதி ஈசான். இங்கே வீட்டில் பேசப்படும் மொழி பெரும்பாலும் லாவோ. தென்பகுதியான சுரின், சிசாகெட், புரிராம் மாகாணங்களில் கெமர் மொழியும் கூய் மொழியும் கேட்கும். நிலம் தட்டையானது, மண் மணற்பாங்கானது, பெரும்பாலான வயல்கள் வானம் பார்த்தவை, ஆண்டுக்கு ஒரே போகம். ரோய் எட், சுரின், சிசாகெட், மகா சரக்காம், யசோத்தோன் ஆகிய ஐந்து மாகாணங்களில் விரிந்து கிடக்கும் துங் குலா ரோங்ஹாய் என்ற வெளியின் பெயருக்கே 'குலா வணிகர்கள் அழுத வெளி' என்று பொருள். நிழலும் நீரும் இல்லாத அந்தப் பரப்பைக் கடக்க முடியாமல் அவர்கள் அழுதார்களாம். இன்று அதே மண்ணில் விளையும் மல்லிகை அரிசிக்கு 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியிருக்கிறது. பகற்பொழுது குறையும்போது பூக்கும் ரகம் என்பதால், எப்போது நட்டாலும் கதிர் முற்றுவது நவம்பர் வாக்கில்தான்; பயணத் தேதியைக் குறிப்பவருக்கு இது பெரிய வசதி.

ரோய் எட் மாகாணத்தின் தென்பகுதியில் ஒரு வீட்டில் நான்கு இரவுகள் தங்கியிருந்தேன். அந்த வீட்டுப் பாட்டியை எல்லோரும் 'யாய்' என்று அழைத்தார்கள்; தாயின் தாயைக் குறிக்கும் தாய்லாந்து மொழிச் சொல் அது. பழந்தமிழில் 'என் தாய்' என்று பொருள்படும் சொல்லும் அதுவே என்பது தற்செயலாக இருக்கலாம், ஆனாலும் அப்படி அழைக்க என் நாவுக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. அதிகாலை நாலரை மணிக்கு யாய் அடுப்பு மூட்டுவார். முந்தின நாள் மாலையே ஊறவைத்த ஒட்டரிசியை 'ஹுவட்' எனப்படும் கூம்பு வடிவ மூங்கில் கூடையில் கொட்டி, வாய் அகன்ற பானையின் மேல் அதைச் செருகி, ஆவியில் வேகவைப்பார். பாதி வெந்ததும் கூடையை ஒரு முறை குலுக்கிச் சோற்றை அப்படியே புரட்டுவார், கரண்டி படாது. வெந்த சோற்றை மரத்தட்டில் கவிழ்த்து, துடுப்பால் பரப்பி, ஆவியை வெளியேற்றுவார். இதைச் செய்யாவிட்டால் சோறு பிறகு வியர்த்துச் சொதசொதத்துப் போய்விடும். அதன்பின் 'கிராதிப்' என்ற மூடியிட்ட மூங்கில் சம்புடத்தில் அடைப்பார். ஆறு மணி அளவில் துறவிகள் வரிசையாக வரும்போது, சம்புடத்தைத் திறந்து, ஒவ்வொருவருடைய பாத்திரத்திலும் ஒரு சிட்டிகைச் சோறு இட வேண்டும். மீதி வயலுக்குப் போகும். வலக்கையால் கிள்ளி, உருட்டி, குழம்பிலோ துவையலிலோ தொட்டுச் சாப்பிடுவதற்கு நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்த வீட்டில் என்னைப் பற்றி முதலில் பரவிய நல்ல செய்தியே, இவர் கையால் சாப்பிடுகிறார் என்பதுதான்.

இப்போது பெரும்பாலான வயல்களில் அறுவடை இயந்திரம்தான் இறங்குகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒருவர் வயலில் எல்லோரும் முறைவைத்துக் கூடி அறுக்கும் 'லோங் கேக்' வழக்கம் அருகிவருகிறது. ஆனால் கதிர் சாய்ந்த இடங்களிலும், இயந்திரம் திரும்ப முடியாத சிறு துண்டு நிலங்களிலும், விதைக்கென ஒதுக்கிய பகுதியிலும் இன்னும் கையறுப்பு உண்டு. வெளியாளுக்கு அங்கே கொடுக்கப்படும் வேலை, மூங்கில் நாரால் கட்டுக் கட்டுவது. பிற்பகலில் பெண்கள் வீட்டின் கீழ்த்தளத்தில், அதாவது தூண்களுக்கு இடையே உள்ள நிழலில், தறிக்குத் திரும்புவார்கள். ஈசானின் நாட்டுப் பட்டுக்கூடு பொன்மஞ்சள் நிறமானது. மண்பானையில் வெந்நீர் கொதிக்க, அதில் மிதக்கும் கூடுகளைக் கவட்டைக் குச்சியால் அழுத்திப் பிடித்து, பத்துப் பதினைந்து கூடுகளின் இழையை ஒன்றாக இழுத்து உருளையில் ஏற்றுகிறார்கள். இழை தீர்ந்ததும் வெளிப்படும் புழுவை, சுற்றி நிற்கும் பேரப்பிள்ளைகள் சூட்டோடு எடுத்து உண்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் ஊரில் இல்லை. ஈசானைப் புரிந்துகொள்ள இது முக்கியம். நடுத்தலைமுறை பாங்காக்கின் கட்டடங்களிலும் தொழிற்சாலைகளிலும் டாக்சிகளிலும் உழைக்கிறது. தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார்கள். ஏப்ரல் 13 முதல் 15 வரையிலான சொங்க்ரான் புத்தாண்டுக்கு ஊரே திரும்பி வருகிறது. வெயில் 40 பாகையைத் தொடும் காலம் என்றாலும், ஒரு குடும்பத்தை முழுமையாகப் பார்க்க வேண்டுமானால் அந்த மூன்று நாள்களைவிட நல்ல நேரம் இல்லை. ரயிலிலும் பேருந்திலும் இடம் கிடைப்பதுதான் மிகவும் கடினம்.

ஈசானின் குறைகளும் கணிசமானவை. கண்ணைக் கவரும் நிலக்காட்சி குறைவு. ஆங்கிலம் அறிந்தவர்கள் குறைவு. விருந்தினரைத் தங்கவைக்கும் வீடுகள் சிதறிக் கிடக்கின்றன, இணையத்தில் எளிதில் அகப்படுவதில்லை. 2025 ஜூலையில் தாய்லாந்து, கம்போடியப் படைகளுக்கு இடையே சுரின், சிசாகெட், உபோன் ராட்சதானி எல்லைப் பகுதிகளில் சண்டை மூண்டது. ஆகையால் தெற்கெல்லை மாவட்டங்களைத் தவிர்த்து, ரோய் எட், காலசின், கோன் கென் போன்ற உள் மாகாணங்களைத் தேர்வது அறிவுடைமை. காலசின் மாகாணத்தின் பான் போன் ஊரில் பூத்தாய் இனப் பெண்கள் நெய்யும் 'ப்ரேவா' பட்டும், சகோன் நகோன் மாகாணத்தின் அவுரிச் சாயத் துணியும் நெசவில் ஆர்வமுள்ளவருக்கு ஒரு வாரத்தைத் தாராளமாக நிறைத்துவிடும். போக்குவரத்து எளிது, செலவும் குறைவு: பாங்காக்கிலிருந்து நோங் காய் நோக்கியும் உபோன் நோக்கியும் இரண்டு ரயில் பாதைகள் இப்பகுதியை ஊடறுத்துச் செல்கின்றன, ரோய் எட்டுக்கும் கோன் கென்னுக்கும் விமானமும் உண்டு.

யசோத்தோனின் வாண விழா, டான் சாயின் பேய்முகமூடி விழா ஆகியவற்றுக்காகவே ஈசான் போகிறவர்கள் உண்டு. அவை பார்க்கத் தகுந்தவைதாம், ஆனால் அந்த நாள்களில் கிராமத்தில் தங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அறைகள் நிரம்பிவிடும், வீட்டாரும் விழா வேலையில் களைத்திருப்பார்கள். 'ஹீத் சிப்சோங்' என்ற பன்னிரு மாத வழக்கப்படி ஈசானில் ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒரு சிறிய புண்ணியச் சடங்கு கோயிலில் நடக்கும். வெளியூர்க் கூட்டம் வராத அந்த நாள்களில்தான் ஊர் தனக்காகக் கூடுகிறது.

நான் மாகாணம்: அக்டோபர் இறுதியிலிருந்து ஜனவரி வரை

ரயில் இல்லாத மாகாணம் இது. பாங்காக்கிலிருந்து இரவுப் பேருந்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். டான் முவாங் விமான நிலையத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் பறந்துவிடலாம். இந்தத் தொலைவுதான் சியாங் மாய்க்கு நேர்ந்த நெரிசலிலிருந்து இதை நெடுங்காலம் காத்தது. புவா வட்டத்தில் வயல்களும், தாய் லூ இன மக்களின் மரக்கூரைக் கோயில்களும், 'ஓடும் நீர்' என்று பெயர் பெற்ற அலைவடிவ நெசவும் உண்டு. மாகாணத் தலைநகரில் வாட் பூமின் கோயிலில் உள்ள பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுவரோவியங்களை முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது. தறியில் அமர்ந்த பெண், பச்சை குத்திய இளைஞன், சந்தை, சமையல் எனக் கோயில் சுவரில் அன்றாட வாழ்வைத் தீட்டியிருக்கிறார்கள். அவற்றைப் பார்த்தபின் ஊர்களுக்குள் போனால் பல பொருள்கள் அடையாளம் தெரியும்.

மலை ஏறிப் போனால் போ க்லுவா. அந்தப் பெயருக்கே உப்புக் கிணறு என்று பொருள். கடலிலிருந்து இவ்வளவு தொலைவில், மலையின் நடுவே உள்ள கிணற்றில் உப்புநீர் ஊறுகிறது. அதை இறைத்து, கொட்டகையின் மண் அடுப்பில் பெரிய வாணலிகளில் மணிக்கணக்காகக் காய்ச்சி, படியும் உப்பை அள்ளி, வாணலிக்கு மேலே தொங்கும் மூங்கில் கூடையில் நீர் வடியவிடுகிறார்கள். பௌத்த மழைக்கால நோன்பு மாதங்களில் இவ்வேலை நிறுத்தப்படுகிறது. ஆகவே ஏறத்தாழ ஜூலையிலிருந்து அக்டோபர் வரையிலான அந்த மாதங்களில் போகிறவர் பச்சை வயலைக் காணலாம், உப்புக் காய்ச்சுவதைக் காண முடியாது. நவம்பரில் வயல் அறுவடை, உப்புக் காய்ச்சுதல் இரண்டுமே நடக்கும்.

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை இங்கே வர வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். மலைச்சரிவுகளிலும் காடுகளிலும் வைக்கப்படும் தீயால் வடதாய்லாந்து முழுவதும் புகை சூழ்கிறது. முதியவருக்கும் ஆஸ்துமா உள்ளவருக்கும் அது உண்மையிலேயே ஆபத்தானது. இதில் மலைவாசிகளை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நான் மாகாணத்தின் மொட்டையான சரிவுகளில் விளைவது கால்நடைத் தீவனத்துக்கான மக்காச்சோளம். அதை வாங்கும் சந்தை மலையில் இல்லை, கடனும் விலையும் கீழேயிருந்து வருகின்றன. பேருந்து சன்னலிலிருந்து அந்தச் சரிவுகளைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. இந்த மாகாணத்தின் வாழ்வைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் அவற்றையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

நடைமுறையில் இன்னொரு சிக்கல் உண்டு. புவாவுக்கும் போ க்லுவாவுக்கும் இடையே பொதுப் போக்குவரத்து மிகக் குறைவு. சொந்தமாக வண்டி ஓட்டாதவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க நேரும். மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுப்பவரிடம் அந்த வகை வண்டிக்குச் செல்லுபடியாகும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நேரும்போது காப்பீடு கைகொடுக்காது. மலைப்பாதையின் வளைவுகளை எண்ணிப் பார்த்தால், ஓட்டுநருடன் கார் அமர்த்துவதே நல்லது. அந்தச் செலவால், ஈசானைவிட இங்கே ஒரு வாரம் கணிசமாகக் கூடுதலாகும்.

சோங்க்லா ஏரிக்கரை: பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை

தென் தாய்லாந்து என்றதும் தீவுகளே நினைவுக்கு வருவதால், இந்த ஏரியைச் சுற்றிய பகுதி பலர் கண்ணில் படுவதே இல்லை. தமிழ் வாசகருக்கு மூன்றிலும் மிக நெருக்கமாகத் தோன்றக்கூடியது இதுதான் என்பது என் துணிபு.

ஏரிக்கும் வளைகுடாவுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் சத்திங் ப்ரா நிலப்பகுதியில் நெல்வயல்களின் வரப்புகள் தோறும் பனைமரங்கள் நிற்கின்றன. முதன்முதலில் பார்த்தபோது திருச்செந்தூர்ப் பக்கம் வந்துவிட்டதாகவே தோன்றியது. தாய்லாந்து மொழியில் சர்க்கரைக்கு வழங்கும் 'நம்தான்' என்ற சொல்லைப் பிரித்தால் 'பனையின் நீர்' என்று பொருள் வரும். கரும்புச் சர்க்கரை உண்பவரும் பனையின் பெயரைத்தான் சொல்கிறார். இங்குள்ள பனையேறி, நம் ஊரில் போல மரத்தை மார்போடு அணைத்து ஏறுவதில்லை. பக்கக் கிளைகளைச் சாண் அளவு விட்டு வெட்டிய ஒற்றை முழுமூங்கிலைப் பனையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கணுக்குச்சிகளில் விரல் பதித்து ஏறுகிறார். பாளையை நசுக்கிச் சீவி, அதன் முனையில் மூங்கில் குழாய்களைக் கட்டுகிறார். கலயத்தின் உட்புறம் நாம் சுண்ணாம்பு தடவுவோம். இவர் குழாய்க்குள் துவர்ப்பான ஒரு மரத்தின் சீவல்களைப் போடுகிறார். இரண்டும் செய்யும் வேலை ஒன்றே, பதநீர் புளித்துக் கள்ளாகாமல் காப்பது. இறக்கிய நீரை அகன்ற வாணலியில் காய்ச்சித் தேன்போன்ற பாகாகவோ வட்டு வெல்லமாகவோ ஆக்குவது பெண்களின் வேலை. நுங்கும் உண்டு, இளங்காயின் தலைப்பகுதியைச் சீவித் தேங்காய்ப்பாலில் குழம்பு வைப்பதும் உண்டு, அது நம்மிடம் இல்லாத சமையல். நம் ஊரிலும் பனை ஏறுபவர் இருக்கிறார் என்று கைபேசியில் ஒரு படத்தைக் காட்டியபோது, அவர் அதை நெடுநேரம் பெரிதாக்கிப் பார்த்து, கால்களைப் பிணைக்கும் கயிற்றைப் பற்றித்தான் கேட்டார். மொழிபெயர்ப்புச் செயலி இல்லாமலே அந்த உரையாடல் அரை மணி நேரம் நீண்டது.

ஏரியின் வடமேற்கு மூலையில், பத்தலுங் மாகாணத்தில் தாலே நோய் இருக்கிறது. 'சிறிய ஏரி' என்று பொருள்படும் இந்தச் சதுப்பு நீர்நிலைப் பகுதியில்தான் 1998இல் தாய்லாந்தின் முதல் ராம்சார் தலம் (பன்னாட்டு ஈரநில உடன்படிக்கையின்கீழ் காக்கப்படும் நீர்நிலை) அறிவிக்கப்பட்டது. குளிர்கால வலசைப் பறவைகள் மார்ச் வரை தங்கும். காலையில் செவ்வல்லிகள் விரியும். நீருக்குள் தலையை அமிழ்த்திப் புல் மேயும் எருமைகளும், அவற்றை வளர்ப்பவரின் முறையும் 2022இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் உலக வேளாண் மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. படகில் சென்று பறவையும் எருமையும் பார்ப்பவர்கள் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள்; கரையூரில் இரண்டு இரவு தங்குகிறவர் பார்ப்பது கோரை வேலையை. சதுப்பில் பிடுங்கிய 'கிராசுட்' என்ற கோரையை வெண்களிமண் குழம்பில் தோய்த்து, சாலையோரம் உலர்த்தி, உருளையால் தட்டையாக்கி, பாயும் பையும் முடைகிறார்கள். களிமண் தோய்ப்பதால் தண்டு வெடிப்பதில்லை. பத்தமடையையோ கோரைப்பாய் முடையும் வேறு எந்த ஊரையோ அறிந்தவர், அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது.

தோற்பாவைக் கூத்துக்குத் தாய்லாந்தில் வழங்கும் 'நங் தலுங்' என்ற பெயர் பத்தலுங்கிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. 'நோரா' என்ற இப்பகுதியின் ஆடல் 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. இரண்டும் ஊர்க் கோயில்களிலும் வீட்டு நேர்த்திக்கடன்களிலும் இன்னும் நடக்கின்றன. வடக்கே நகோன் சி தம்மராட்டை, இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி சொல்லும் மாதமாலிங்கமாக வரலாற்றாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். படையெடுப்பாக எழுதப்பட்ட அந்தத் தொடர்பைவிட, பனையும் பாவைக்கூத்தும் தரும் உறவு எனக்கு உவப்பாக இருக்கிறது.

பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். நீண்டகாலமாக வன்முறை நிகழும் பத்தானி, யாலா, நராத்திவாட் மாகாணங்களும் சோங்க்லாவின் தென்கிழக்கு வட்டங்களும் ஏரிக்கரைக்குத் தெற்கே உள்ளவை. நாம் பேசும் சத்திங் ப்ராவும் தாலே நோயும் அப்பகுதியில் இல்லை. என்றாலும் புறப்படுமுன் அரசு அறிவுரைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாங்காக்கிலிருந்து பத்தலுங்குக்குத் தென்பாதை ரயிலில் ஓர் இரவுப் பயணம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை மட்டுமே விடுப்பு உள்ளவர்கள், நகோன் சி தம்மராட் மாகாணத்தில் காவ் லுவாங் மலையடிவாரத்திலுள்ள கிரிவோங்கை நினைத்துப் பார்க்கலாம். அங்கே துரியனும் மங்குஸ்தானும் பிற மரங்களும் காடுபோலக் கலந்து நிற்கும் தோட்டங்களில் பழம் இறங்கும் பருவம் அது. 1988 நவம்பர் வெள்ளத்தில் பெரும் சேதம் கண்ட ஊர், பின்னர் இயற்கைச் சாயத் துணியாலும் கூட்டாக நடத்தும் விருந்தினர் வீடுகளாலும் நிமிர்ந்திருக்கிறது.

மே கம்போங்

சியாங் மாயிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில், ஓடையின் இருபுறமும் மர வீடுகள் அமைந்த மலையூர். வேகவைத்துப் புளிக்கவைத்து மெல்லும் 'மியாங்' தேயிலை இதன் பழைய தொழில். ஊரார் கூட்டுறவாகச் சிறு நீர்மின் நிலையம் நடத்தியவர்கள், விருந்தினர் வீடுகளையும் அதே கூட்டு ஒழுங்கில் அமைத்தார்கள். முறை வைத்து வீடு ஒதுக்குவதும், வருவாயில் ஒரு பங்கை ஊர் நிதிக்குத் தருவதும் மற்ற ஊர்களுக்கு முன்மாதிரியாக அமைந்தன. ஆனால் இன்று வார இறுதிகளில் காப்பிக் கடைகளின் முன் நிற்கும் கூட்டத்தில் நடக்கவே இடம் இருப்பதில்லை. குழந்தைகளுடனோ முதியோருடனோ இரண்டே நாள் ஒதுக்கக்கூடியவர், செவ்வாய் புதன் போன்ற நாள்களில் போனால் நிறைவாகத் திரும்பலாம். ஒரு வாரத்துக்கு உகந்த ஊராக இதை நான் சொல்ல மாட்டேன். சியாங் மாயில் முகவர்கள் சேர்த்து விற்கும் 'நீள்கழுத்துப் பெண்கள்' பயணத்தை மட்டும் எந்த நிலையிலும் ஏற்காதீர்கள். பர்மாவிலிருந்து அடைக்கலம் தேடி வந்த கயான் மக்களை நுழைவுச்சீட்டு வைத்துக் காட்டுவது அது.

உணவு, பேச்சு, பணம்

சைவ உணவினருக்கு மூன்று பகுதிகளுமே கடினம். அவற்றுள் ஈசான் மிகக் கடினம். 'ப்ளா ரா' என்ற ஊறவைத்த மீன் பப்பாளிச் சாலட்டில் தொடங்கிக் குழம்பு வரை எதிலும் இருக்கும். தெற்கில் அதன் இடத்தை இறால் விழுது எடுத்துக்கொள்கிறது. 'ஜே' என்ற சொல் முழுச் சைவத்தைக் குறிக்கும். வீட்டாரிடம் வந்திறங்கிய பின் சொல்வது அவர்களைச் சங்கடப்படுத்தும், முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். சோறு, அவித்த காய்கறி, வறுத்த நிலக்கடலை, பழங்கள் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும். ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொண்டுபோனால் அவர்களுக்கும் பகிரலாம், அதை விரும்பிச் சுவைப்பார்கள்.

பேச்சைப் பொறுத்தவரை, மொழியைவிட முறைப்பெயர்கள் உதவும். வயதில் சற்று மூத்தவரை 'பீ' என்றும், பெற்றோரைவிட மூத்த ஆணை 'லுங்' என்றும் பெண்ணை 'பா' என்றும் அழைக்க வேண்டும். அண்ணன், பெரியப்பா, பெரியம்மா என்று வழியில் காண்பவரையெல்லாம் உறவு கொண்டாடும் நமக்கு இது இயல்பாகவே வரும். 'சாப்பிட்டாயிற்றா' என்பதுதான் அங்கும் நலம் விசாரிக்கும் முறை: 'கின் காவ் ரூ யாங்'.

உணவுடன் சேர்த்து ஆளுக்கு ஓர் இரவுக்கு 500 முதல் 1,000 பாட் வரை பல ஊர்களில் கேட்கிறார்கள். பேரம் பேச வேண்டாம். தாய்லாந்தின் சுற்றுலாத் துறை தரச்சான்று வழங்கிய விருந்தினர் வீடுகள் பல மாகாணங்களில் உண்டு. ஊர்க்குழுவின் வழியாகப் பதிவு செய்தால், பணம் ஒரே வீட்டில் நிற்காமல் முறைப்படி சுற்றிவரும்.

முடிவு

நவம்பர் பிற்பகுதியில் புறப்பட முடிந்தவருக்கு என் விடை ஈசான், தயக்கமின்றி. ரோய் எட்டிலோ காலசினிலோ ஒரே வீட்டில் ஐந்து இரவுகள் தங்குவதை, மூன்று ஊர்களில் இரண்டிரண்டு இரவுகள் தங்குவதைவிட மேலாகக் கருதுகிறேன். மூன்றாம் நாள்தான் வீட்டார் நம்மைக் கவனிப்பதை விட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கத் தொடங்குவார்கள். மலைக்குளிரும் நடையும் வேண்டுபவர், வண்டிச் செலவுக்கு அஞ்சாதவர், அதே மாதத்தில் நான் மாகாணத்துக்குப் போகலாம். பள்ளி விடுமுறையோ அலுவலக விடுப்போ பிப்ரவரிக்குப் பிறகுதான் என்றால் வடக்கை அடியோடு மறந்துவிட்டு, பத்தலுங் ரயிலில் ஏறி, தாலே நோயில் இரண்டு இரவும் சத்திங் ப்ராவில் மூன்று இரவும் இருக்கலாம்.

எங்கே பதிவு செய்தாலும், அறை எப்படி, குளிர்சாதனம் உண்டா என்று கேட்பதற்கு முன், 'அந்த வாரத்தில் உங்கள் ஊரில் என்ன வேலை நடக்கும்?' என்று கேளுங்கள். தெளிவான விடை வந்தால் அந்த ஊரையே உறுதி செய்துகொள்ளலாம். சத்திங் ப்ராவைத் தேர்ந்தவர்கள் இன்னொன்றையும் கேட்டுவைக்க வேண்டும்: பனையேறி விடியுமுன்பே முதல் மரத்தில் ஏறிவிடுவார், ஆகவே எந்த வரப்பில், எத்தனை மணிக்கு வந்து நிற்பது என்பதை முந்தின நாள் மாலையே அவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.